பால்மரமும் கல்லீரலும்

அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொழுப்புக்கென்று நான்கு வரிகள் இருந்தன. அவர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு புள்ளி ஒன்னு. அஞ்சு புள்ளி ரெண்டுக்கு உள்ள இருந்தா நல்லதுன்னு கிளினிக்குல எழுதிப் போட்டிருக்காங்க. பாத்தியாம்மா, எனக்கு ஒன்னுமில்ல.”

“மத்த மூனு வரியையும் பாத்தீங்களாப்பா?”

“அதெல்லாம் டாக்டருக்கு.”

சீட்டை வாங்கி விரித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.1. எச்டிஎல் 0.8. டிரைகிளிசரைடு 3.2. எல்டிஎல் 2.8. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. முதல் வரி அப்பாவுக்குத் தைரியம் சொன்னது. இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு வயிற்றைக் கலக்கின. அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை நோய் ஒன்பது வருடமாக இருக்கிறது. லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 வருடம் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி வீடுகள் எழும்பியபோது சிரம்பானை ஒட்டிய தாமானுக்கு வந்தோம். அவர் தலைமுறைக்குக் கொலஸ்ட்ரால் என்ற சொல்லே தாமானுக்கு வந்த பிறகு அறிமுகமானதுதான். தோட்டத்து டிரசர் மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார், பூச்சி மருந்து கொடுத்தார், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டார். கொழுப்பை அளக்க யாரும் ரத்தம் எடுக்கவில்லை.

அந்த நான்கு வரிகளை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று சில நாள் யோசித்தேன். கடைசியில் பால்மரம் கைகொடுத்தது.

மரத்தில் கட்டிய மங்கில் நிறைந்து நிற்கும் பாலை நினைத்துப் பாருங்கள். பார்வைக்கு வெள்ளைத் தண்ணீர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். ரப்பர் தண்ணீரில் கரையாது, ஆனாலும் பால் தெளிந்து பிரியாமல் ஒரே சீராக நிற்கிறது. காரணம், ரப்பர் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக இருக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய போர்வை. போர்வை இருக்கும்வரை பால் ஓடும். ஸ்டோரில் அமிலத்தை ஊற்றினால் போர்வை குலைந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இதை அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்தான் எனக்குச் சின்ன வயதில் காட்டியவர்.

ரத்தத்திலும் இதேதான் நடக்கிறது. கொலஸ்ட்ரால் எண்ணெயின் சாதி, ரத்தமோ தண்ணீர். கல்லீரல் கொழுப்பை உருண்டையாக்கி, கொழுப்பும் புரதமும் சேர்ந்த போர்வை போர்த்தி ரத்தத்தில் விடுகிறது. அந்த உருண்டைகளில் ஒரு வகைக்குப் பெயர் எல்டிஎல், இன்னொரு வகைக்கு எச்டிஎல். இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்று பேசுகிறோமே, அது உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றிய பேச்சு இல்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு போகிற லோரியைப் பற்றியது.

பால்மரத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள உறவு இத்தோடு நிற்கவில்லை. கொலஸ்ட்ராலை உடல் எப்படிக் கட்டுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக கொன்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவரும் 1964-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய பாதையின் நடுவில் ஐந்து கரியணு கொண்ட ஒரு சிறு செங்கல் வருகிறது. அதற்கு ஐசோபிரீன் அலகு என்று பெயர். ஆறு செங்கல்லைச் சேர்த்தால் 30 கரியணு கொண்ட ஸ்குவாலீன். அதை வளைத்து வளையங்களாக்கி, மூன்று கரியணுவைக் கழித்தால் கொலஸ்ட்ரால். அதே செங்கல்லை ஆயிரக்கணக்கில் நீளமாகக் கோத்தால் ரப்பர். இரண்டின் தொடக்கத்திலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரே வகை நொதி. மனிதக் கல்லீரலிலும் இருக்கிறது, பால்மரத்திலும் இருக்கிறது. அப்பா 31 வருடம் மரத்திலிருந்து இறக்கியதும், அவர் கல்லீரல் இரவு பகலாக உள்ளே செய்துகொண்டிருந்ததும் ஒரே செங்கல்லால் ஆனவை. இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

கொலஸ்ட்ரால் இல்லாமல் உயிர் இல்லை. ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் அது இருக்கிறது. ஆண்மை, பெண்மைச் சுரப்புகளும் வைட்டமின் டி-யும் பித்தமும் அதிலிருந்தே உருவாகின்றன. நம் உடலில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கை உடலே செய்துகொள்கிறது, உணவிலிருந்து நேராக வருவது மிச்சம்தான். அதனால்தான் சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மனம் குளிர வேண்டியதில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. டுரியானிலும் இல்லை, முந்திரியிலும் இல்லை. நாம் சாப்பிடுவதைப் பார்த்துக் கல்லீரல் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

கல்லீரலின் மேற்பரப்பில் எல்டிஎல் உருண்டைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1970-களில் இதைக் கண்டுபிடித்து 1985-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஏற்பிகள் நிறைய இருந்தால் ரத்தம் சுத்தமாகும். குறைந்தால் உருண்டைகள் போக்கிடமில்லாமல் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேங்காய்ப்பால், நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, செம்பனை எண்ணெய் ஆகியவற்றில் மிகுதியாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு செய்யும் தீங்கு இங்கேதான்: அது இந்த ஏற்பிகளின் வேலையை மந்தப்படுத்துகிறது.

சுற்றிக்கொண்டே இருக்கும் உருண்டைகள் ரத்தக்குழாயில் என்ன செய்கின்றன? அப்பா உடனே சொன்னார், “ஒட்டுப்பால் மாதிரி படிஞ்சிடும்.” வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைத்தான் சொல்கிறார். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள்: குழாயின் உட்பக்கம் பிசுக்குப் படிந்து அடைத்துக்கொள்கிறது, வெந்நீரோ பூண்டோ எதையாவது குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று. உவமை இந்த இடத்தில் உதவாது. கொலஸ்ட்ரால் சுவரின் மேல் படிவதில்லை, சுவருக்குள் போகிறது. எல்டிஎல் உருண்டை ரத்தக்குழாயின் உள்தோலைத் துளைத்து அடியில் சிக்கிக்கொள்கிறது. அங்கே அது கெட்டுப்போகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி, கொழுப்பு நுரைத்த மூட்டைகளாக அங்கேயே மடிகின்றன. அதைச் சுற்றி வீக்கம், அதன் மேல் தழும்பு. இருபது, முப்பது வருடம் வலியே தெரியாது. பிறகு ஒருநாள் அந்தத் தழும்பின் மூடி கிழிகிறது; ரத்தம் அதைக் காயம் என்று எண்ணி அதன் மேல் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். ‘நேத்துக்கூட நல்லா இருந்தாரு’ என்று மரண வீடுகளில் நாம் கேட்கும் பேச்சுக்குப் பின்னால் இந்த இருபது வருடம் இருக்கிறது.

சரி, எல்டிஎல் தான் குற்றவாளி என்றால் அப்பாவின் 2.8-ல் என்ன கோளாறு?

முதலில், சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது 2.6-க்குக் கீழேயாவது இருக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் கீழே. ஆரோக்கியமான இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது; சுவரில் ஒட்டிய காகிதம் இதைச் சொல்லாது.

இரண்டாவது விஷயம் நம் இனத்தோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1959-ல் டாக்டர் டி. ஜே. தனராஜும் உடன் பணியாற்றியவர்களும் சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஊரில், ஒரே வெயிலில் வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதயக் குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. உலகில் வேறெங்கும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழாத காலம் அது. அதே தனராஜ்தான் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீனாக அமர்ந்தார். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு இந்தப் படத்தை 2000-களில் நிறைவுசெய்தது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53; மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. பிள்ளைகளின் படிப்பு முடியும் முன்பே குடும்பத்தின் சம்பாத்தியம் நின்றுபோகும் வருடங்கள் அவை.

நம்மவர்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு அப்பாவின் சீட்டில் அப்படியே இருந்தது. மொத்தம் சுமார். எல்டிஎல் சுமார். எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு அதிகம். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். இவையெல்லாம் தனித்தனி விஷயங்கள் அல்ல. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் தேவைக்கு மேல் சாப்பிடும் சோறும் சீனியும் கல்லீரலுக்கு வருகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கிப் பெரிய லோரிகளில் ஏற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. இந்த லோரிகள் வழியில் எச்டிஎல்லோடும் எல்டிஎல்லோடும் சரக்கு மாற்றிக்கொள்கின்றன. மாற்றத்தில் எச்டிஎல் தன் கொலஸ்ட்ராலை இழந்து சிறுத்துச் சீக்கிரம் அழிகிறது. எல்டிஎல்லும் சிறுத்து அடர்த்தியாகிறது. ஒரே அளவு கொலஸ்ட்ராலைச் சுமக்கப் பெரிய உருண்டை நூறு போதும் என்றால், சின்ன உருண்டை நூற்றைம்பது வேண்டும். சுவருக்குள் நுழையக் காத்திருக்கும் கூட்டம் பெருகிவிட்டது, சீட்டிலோ எண் மாறவில்லை. எல்டிஎல் வரி நம்மவர்களிடம் நிலைமையைக் குறைத்துக் காட்டுவது இப்படித்தான்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு கழித்தல் கணக்கு போதும். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். அப்பாவுக்கு 5.1-ல் 0.8 போக 4.3. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் போகக்கூடிய எல்லா உருண்டைகளின் சரக்கும் இதில் அடக்கம். எல்டிஎல் இலக்கோடு 0.8 கூட்டினால் இந்த எண்ணின் இலக்கு வரும்; அப்பாவுக்கு 3.4. அவர் கிட்டத்தட்ட ஒரு புள்ளி மேலே இருந்தார். கூடவே ஓர் அளவுநாடா: ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. வெள்ளைக்காரர்களுக்கான எல்லை இதைவிடப் பெரியது, நமக்குச் சின்னது.

2019-ல் நாடு தழுவி நடந்த சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. அவர்களில் மூவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 2023-ல் கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்கள் மூவரில் ஒருவர் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. இறங்கியிருப்பது நல்ல செய்திதான். ஆனால் இந்தக் கணக்கும் மொத்தக் கொலஸ்ட்ராலை வைத்துத்தான். அப்பா மாதிரி 5.1 வைத்திருப்பவர் இதில் ‘நல்லவர்’ பட்டியலில் இருப்பார்.

நம் உணவு எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு இதில் ஒரு பெரிய வரலாறே உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். கால் மரத்து, வீங்கி, இதயம் நின்று போகும் நோய். மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார்: அதே மண்ணில் உழைத்த தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் தொடவில்லை. சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி. 1907-ல் பிராடன் இதைப் புத்தகமாக்கினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசியைச் சந்தேகித்தது சரி. அதே காலத்தில் ஹென்றி ஃபிரேசர், தாமஸ் ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் இந்த மாநிலத்தின் காட்டுக்குள் வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். வைட்டமின் என்ற சொல் பிறந்ததே 1912-ல்தான். நெல்லை அவித்துக் காயவைக்கும் நம் பாட்டிமார் பழக்கம், தவிட்டின் சத்தை அரிசிக்குள் இறக்கி, கப்பலேறி வந்த ஒரு சமூகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்று எங்கள் வீட்டில் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு மட்டும்தான் வாங்குகிறோம். சோற்றுக்கு நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. அது வேகமாகச் சர்க்கரையாகிறது, கல்லீரலுக்குக் கொழுப்பு செய்யக் கச்சாப்பொருள் குறைவில்லாமல் கிடைக்கிறது. புழுங்கலரிசியில் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். ஆனால் அரிசியை மட்டும் மாற்றி, அளவை மாற்றாமல் விட்டால் பெரிய பலன் இருக்காது. அப்பா பால் வெட்டிய காலத்திலும் குன்று போலத்தான் சோறு போட்டுக்கொண்டார். அந்தச் சோறு எங்கே போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமான நிரையில் 500 மரத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்து வெட்டி, மறுபடி அத்தனை மரத்துக்கும் நடந்து பால் எடுத்து, காண்டாவாளியில் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுவருவார். தசை அந்தச் சோற்றைக் கல்லீரலுக்கு விட்டுவைக்கவில்லை. தாமானுக்கு வந்து காவலாளி வேலையில் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ஊர்.

அப்பாவின் தட்டையும் கோப்பையையும் ஒரு வாரம் கவனித்தேன். முதலில் கண்ணில் பட்டது பால் டின். ஒரு நாளைக்கு நான்கு தே. ஒவ்வொன்றிலும் டின்னைக் கவிழ்த்து இரண்டு, மூன்று கரண்டி. அதைப் பால் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லி வளர்ந்தோம். டின்னைத் திருப்பிப் பொருள்களைப் படித்தேன்: சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால் பொருள். இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த இனிப்புக் கிரிமர்தான். டிரைகிளிசரைடை ஏற்றும் சீனியும் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பும் ஒரே கரண்டியில். சோற்றைக் குறைக்கச் சொல்லும் முன்னால் டின்னை எடுத்து ஒளித்துவைத்தேன். முதல் வாரம் வீட்டில் சண்டை. இரண்டாவது வாரம் சாதாரணப் பாலில் சீனி கம்மியாக, நாளுக்கு இரண்டு என்று இறங்கிவந்தார்.

செம்பனை எண்ணெயைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாநிலத்தில் நம்மில் பலர் அந்தப் பழத்தை வெட்டித்தான் பிழைத்தோம். அது விஷம் இல்லை. அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்றது. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் ஒன்பது பங்கு. நிறைவுற்ற கொழுப்பு குறைந்த தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் செம்பனை எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 0.24 உயர்த்துகிறது என்று 2015-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அரசாங்கம் மானியம் கொடுத்து ஒரு கிலோ பொட்டலம் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் எண்ணெய் அதுதான். மாதம் ஆயிரத்தைந்நூறு வெள்ளியில் குடும்பம் நடத்துபவரிடம் ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்வது அறிவுரை ஆகாது. அம்மா செய்தது இது: பொட்டலத்தை நேராகச் சட்டியில் சாய்ப்பதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்ற ஆரம்பித்தார். தாளிக்க மட்டும் நல்லெண்ணெய். வடைக்குப் போட்ட எண்ணெயை மறுநாள் குழம்புக்கு எடுப்பதில்லை. மாதம் மூன்று பொட்டலம் வாங்கிய வீட்டில் இப்போது ஒன்றரை. செலவும் குறைந்தது.

தேங்காய்ப்பால் கறியும் நாசி லெமாக்கும் வாரத்தில் ஒருநாள் ஆயின. முட்டை மஞ்சள் கருவைப் பற்றி அக்கம்பக்கத்தில் இருக்கும் பயம் அளவுக்கு மீறியது. ஒரு முட்டையில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதைவிட அதிகம் கெடுதல் செய்வது முட்டையோடு சேர்ந்து வரும் நெய் ரொட்டியும் தேங்காய்ப்பாலும்தான்.

குறைப்பதைப் பற்றியே பேசினால் மனம் சலித்துவிடும். சேர்க்க வேண்டியவை நம் கொல்லையிலேயே இருக்கின்றன. டேவிட் ஜென்கின்ஸ் என்ற கனடிய மருத்துவர் 2003-ல் ஓர் உணவுத்திட்டத்தைச் சோதித்தார். ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் கலந்த மார்ஜரின், அவற்றோடு நம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும். கண்காணிப்பில் ஒரு மாதம் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. வீட்டில் தாங்களாகவே செய்துகொண்டவர்களுக்குப் பிறகு பார்த்தபோது 13 விழுக்காடு அளவில்தான் இறங்கியிருந்தது. அதுவும் லேசான விஷயமில்லை. வெண்டைக்காயின் கொழகொழப்பு ஒருவகைக் கரையும் நார். குடலில் அது பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவை, அதற்காக ஏற்பிகளைப் பெருக்கி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கிறது. கொழகொழப்பு போகட்டும் என்று வெண்டைக்காயைப் பொரித்தெடுக்கும் நம் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பருப்பு, கடலை, பயறு எல்லாவற்றிலும் இந்த நார் உண்டு. சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் சோறு தானாகக் குறைகிறது. மீன் என்றால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீனே போதும், டிரைகிளிசரைடுக்கு நல்லது; பொரிக்காமல் குழம்பாக.

உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கும். குடியை நிறுத்தினாலும் இறங்கும். சம்சு, பீர் எதுவானாலும் கல்லீரலுக்கு அது கொழுப்பு செய்ய வரும் அழைப்பு. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எத்தனை குடும்பங்களின் சம்பளம் போனது என்பது நமக்குத் தெரியும், ஈரலும் இதயமும் போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை. புகைப்பதை விட்டவருக்கு எச்டிஎல் கொஞ்சம் ஏறும், மாரடைப்பு ஆபத்து நிறையவே இறங்கும். நடை வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில்.

இத்தனையும் செய்து எண் இறங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி போல் பார்க்கக் கூடாது. பிறவியிலேயே ஏற்பிகள் பழுதானவர்கள் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் உண்டு. எல்டிஎல் சிறுவயதிலிருந்தே மிக உயர்ந்து நிற்கும். கண்ணிமையில் மஞ்சள் திட்டு, குதிகால் தசைநாரில் கட்டி, நாற்பது வயதில் மாரடைப்பு கண்ட சித்தப்பா, இப்படி எதுவும் குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். இவர்களைக் கீரையால் மட்டும் காப்பாற்ற முடியாது.

அதற்குத்தான் ஸ்டேட்டின் மாத்திரை. அதன் கதை மறுபடி பால்மரத்துக்கே கொண்டுவருகிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற ஆய்வாளர் 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கல்லீரலின் அந்தத் தொடக்க நொதியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். சீனர்கள் சமையலில் சேர்க்கும் சிவப்பு அரிசியை உண்டாக்கும் பூஞ்சையிலும் அதே வகைப் பொருளைக் கண்டார். மாத்திரை விழுங்கியதும் கல்லீரலின் செங்கல் சூளை மெதுவாகிறது. கொலஸ்ட்ரால் பற்றாமல் போகவே அது ஏற்பிகளைப் பெருக்கி ரத்தத்தைத் துழாவுகிறது. எல்டிஎல் ஒரு புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

“மாத்திரை ஈரலைத் தின்னுடும்னு சொல்றாங்களேம்மா” என்றார் அப்பா. தாமானில் எல்லோரும் சொல்வதுதான். சிலருக்குத் தசைவலி வரும், சர்க்கரை சற்று ஏறலாம், ஈரல் கடுமையாகக் கெடுவது மிக அரிது. ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். நாற்பது வயது தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இந்த ரத்தப் பரிசோதனை இலவசம். அப்பாவின் முதல் சீட்டே அதில் வந்ததுதான்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சீட்டு வந்தது. இந்த முறை நான்கு வரியையும் அவரே சத்தமாகப் படித்தார். மொத்தம் 4.9. எச்டிஎல் 0.9. டிரைகிளிசரைடு 1.9. எல்டிஎல் 3.1. கடைசி எண்ணைக் கண்டு முகம் வாடியது. இவ்வளவு பாடுபட்டும் ஏறியிருக்கிறதே என்று. டிரைகிளிசரைடு மளமளவென இறங்கும்போது எல்டிஎல் கணக்கில் சற்று ஏறித் தெரிவது உண்டு, உருண்டைகள் மறுபடி பெரிதாகின்றன என்று விளக்கினேன். கழித்தல் கணக்கை அவரே போட்டார். 4.9-ல் 0.9 போக 4.0. “மூனு புள்ளி நாலுக்கு இன்னும் இருக்கே” என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், இரவில் ஒன்று.

பெரட்டு மணி நின்று பல வருடமாகியும் அப்பாவுக்கு இன்னும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இருட்டில் உட்கார்ந்து பால் டின்னைத் திறப்பார். இப்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டு தாமான் திடலைச் சுற்றுகிறார், ஒன்பது சுற்று. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.